மீன்பிடித் தடைக்காலத்தைத் துறைமுகத்துப் பூனைகளுக்குத் தாருங்கள்

பெறுநர்:
ஆணையர் அவர்கள், கடலூர் மாநகராட்சி
மண்டல இணை இயக்குநர் அவர்கள், கால்நடை பராமரிப்புத் துறை, கடலூர்
மீன்வளத் துறை அதிகாரிகள், மற்றும் முதுநகர், சிங்காரத்தோப்பு, சோத்திக்குப்பம், தேவனாம்பட்டினம் மீனவ கிராமப் பஞ்சாயத்தார்

வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள்கள் வருகின்றன. அந்த நாள்களுக்குள் துறைமுகத்தையும் மீன் ஏலக்கூடத்தையும் ஒட்டி வாழும் பூனைகளுக்குக் கருத்தடை செய்துவிட வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. அதற்கு உங்களிடம் கேட்பது மூன்று: தண்ணீரும் மின்சாரமும் உள்ள ஓர் அறை, வாரத்தில் இரண்டு நாள் ஒரு கால்நடை மருத்துவர், எழுத்தில் ஓர் உத்தரவு. பூனைகளைப் பிடிப்பது, கொண்டுவருவது, அறுவைக்குப் பின் பார்த்துக்கொள்வது, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவது எல்லாம் எங்கள் பொறுப்பு. பூனை என்றால் எங்களுக்குச் சிறு வயதிலிருந்தே உயிர். ஆசை மட்டும் இருந்தால் இந்த வேலை நடக்காது என்பதும் தெரியும். அதனால் என்ன செய்யப்போகிறோம், எங்கெங்கே தவறு நடக்கும், அதை எப்படித் தடுப்பது என்பதையெல்லாம் விவரமாகவே எழுதுகிறோம்.

தடைக்காலத்தைக் கேட்பதற்குக் காரணம் பசி. மற்ற மாதங்களில் விடியற்காலை படகு வந்ததும் கழிவு மீன் தரையில் கொட்டுகிறது. வயிறு நிறைந்த பூனை கூண்டைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டும். எவ்வளவு நல்ல மீனை உள்ளே வைத்தாலும் நான்கு கூண்டில் ஒன்றுகூட விழாத இரவுகள் வரும். விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. ஃபைபர் படகுகள் போய்வந்தாலும் வரத்துக் குறைவு, கழிவும் குறைவு. ஏலக்கூடத்தையே நம்பி வாழ்ந்த பூனைகள் ஒட்டிய வயிறோடு சந்துகளுக்குள் அலைகின்றன. அப்போது ஒரு கரண்டி மத்தி போதும், பத்து நிமிடத்தில் கூண்டு அடைபடும். அந்த நாள்களில்தான் அவற்றுக்கு உணவும் மிகவும் தேவை. ஆக, ஒரே ஏற்பாட்டில் பசியையும் ஆற்றலாம், இனப்பெருக்கத்தையும் நிறுத்தலாம்.

நம் ஊரில் பகல் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. அதனால் குளிர்நாடுகளில் போலப் பூனைக்கு ஓய்வுக் காலம் என்று ஒன்று இங்கே கிடையாது. பெண் பூனை நான்கு, ஐந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் 63 முதல் 65 நாள். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினையாகலாம். ஆண்டுக்கு இரண்டு, மூன்று ஈற்று என்பது சாதாரணம். இந்தக் கணக்கினால்தான் அங்கொன்று இங்கொன்றாகச் செய்யும் கருத்தடை பலன் தருவதில்லை. ஊர் முழுவதும் பரவலாக 100 பூனைக்குச் செய்வதைவிட, ஒரே இடத்தில் இருக்கும் 30 பூனையில் 25-க்குச் செய்வது மேல். பத்தில் ஏழுக்குக் குறையாமல் ஒரு கூட்டத்தை முடித்துவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போக வேண்டும். பெண் பூனைகளுக்கே முதலிடம். ஒரே ஒரு கடுவன், அதாவது ஆண் பூனை, மிஞ்சினாலும் அந்தப் பகுதியின் எல்லாப் பெண் பூனைகளுக்கும் அவன் போதும்.

"பிடித்து வேறெங்காவது விட்டுவிடுங்கள்" என்பதே உங்களிடம் அதிகம் வரும் புகாராக இருக்கும். சாக்கில் கட்டி ஊர்க்கோடியிலோ வேறொரு மார்க்கெட்டிலோ விட்டுவரும் வழக்கம் நம்மிடம் பழையது. அது பூனைக்குக் கொடுமை, ஊருக்கும் பயனில்லை. பழக்கமில்லாத இடத்தில் விடப்பட்ட பூனை உணவு எங்கே, பதுங்க இடம் எங்கே என்று தெரியாமல் தவிக்கும். அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகள் விரட்டும். சாலையைக் கடந்து திரும்ப முயன்று அடிபடும். இங்கே மீன் கழிவு அப்படியே கிடப்பதால், காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெருப் பூனைகள் சில மாதத்தில் வந்து சேரும். வருபவை கருத்தடை ஆகாதவை. கருத்தடை முடிந்த பூனைகளை அதே இடத்தில் வைத்தால் புதியவை நுழைய அவை எளிதில் விடுவதில்லை.

ஏப்ரலில் கூண்டு வைக்க வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே கணக்கெடுக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு இரவு, ஒரே நேரத்தில், ஒரே பாதையில் நடந்து ஒவ்வொரு பூனையையும் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்வோம். நிறம், வால், வடு, காது, பால்மடி தெரிகிறதா என்று குறிப்போம். கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை மூன்றும் கலந்த பூனை கிட்டத்தட்ட எப்போதும் பெண். முழு ஆரஞ்சு பெரும்பாலும் ஆண். கன்னம் உப்பி, கழுத்து தடித்தது வயது வந்த கடுவன். தூரத்திலிருந்து இவ்வளவு தெரிந்தாலே யாரை முதலில் பிடிக்க வேண்டும் என்பது முடிவாகிவிடும்.

கூண்டு உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்யலாம். ஆனால் அளவில் சமரசம் கூடாது. நீளம் 30 அங்குலம், அகலம் 10, உயரம் 12. கம்பிவலைக் கண் அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலம். பெரிய கண் வலை போட்டால் பூனை மூக்கை நுழைத்துக் கிழித்துக்கொள்ளும், பல்லை உடைத்துக்கொள்ளும். மிதிபலகை கதவிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி உள்ளே இருக்க வேண்டும்; இல்லையென்றால் கதவு வால் மீது விழும். விழுந்த கதவை உள்ளிருந்து தூக்க முடியாதபடி கொக்கி தானாகப் பூட்ட வேண்டும். பின்பக்கம் மேலே இழுத்துத் திறக்கும் இன்னொரு கதவு அவசியம். ஒரு கூண்டிலிருந்து இன்னொன்றுக்குப் பூனையை மாற்றும்போது இரண்டு கதவையும் ஒட்டிவைத்துத் திறக்க அது வேண்டும். அறைக்குள் திறந்துவிட்டுப் பிடிக்கலாம் என்று நினைத்தால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. ஒவ்வொரு கூண்டின் வெற்று எடையையும் அதன் கைப்பிடியிலேயே பெயிண்டால் எழுதிவிடுவோம். மறுநாள் கூண்டோடு தராசில் வைத்துக் கழித்தால் பூனையின் எடை கிடைக்கும். மயக்க மருந்தைக் கண்ணளவில் கொடுப்பதால் போகும் உயிர்கள் அநியாயமானவை.

நாளுக்கு 8 அறுவை என்றால் 12 கூண்டு வேண்டும்: எட்டு வேலையில், இரண்டு மாற்றுவதற்கு, இரண்டு கையிருப்பு. திங்கள் இரவு பிடித்து, செவ்வாய் அறுவை, வியாழன் காலை விடுவிப்பு. பகலில் கூண்டு கழுவிக் காயவைத்து, வியாழன் இரவு மறுபடி பிடித்து, வெள்ளி அறுவை, ஞாயிறு விடுவிப்பு. இந்த முறையில் எட்டு வாரத்தில் 128 பூனை. மழையோ விடுமுறையோ குறுக்கிட்டாலும் 100-க்குக் குறையாது. துறைமுகக் கரையில் முதல் ஆண்டுக்கு இது நல்ல தொடக்கம்.

பிடிக்கும் இரவில் முதல் வேலை, அந்தப் பகுதியில் உணவு வைப்பவர்கள் எல்லாரிடமும் சொல்லிவைப்பது. யாராவது ஒருவர் அன்றைக்குச் சோறு வைத்துவிட்டால் கூண்டுகள் காலியாகவே திரும்பும். கூண்டின் அடியில் செய்தித்தாள் விரித்து, மிதிபலகையையும் அதனால் மூடி, கம்பி காலில் படாதபடி செய்ய வேண்டும். இரை மிதிபலகைக்கு அப்பால், பின்கதவை ஒட்டி, ஒரு தேக்கரண்டி அளவுதான். காலையில் மயக்க ஊசி இருக்கிறது. நிறையத் தின்றிருந்தால் வாந்தி எடுத்து மூச்சுக்குழாய்க்குள் போகும். வாசனைக்கு உப்பில்லாத கருவாட்டைப் பொடித்துத் தூவலாம். கூண்டை நடுவெளியில் வைக்காமல் சுவரோரம் வைத்தால்தான் பூனை நுழையும். கதவு விழுந்த உடனே துணி போட்டு மூட வேண்டும். இருட்டு வந்ததும் அரை நிமிடத்தில் அடங்கிவிடும். மூடாமல் விட்டால் முட்டி மோதி மூக்கெல்லாம் ரத்தமாகும். பிடித்த இடத்தை எழுதிய பிளாஸ்டிக் அட்டையைக் கூண்டில் கட்டாமல் அங்கிருந்து நகரக் கூடாது. ஏலக்கூடத்துப் பூனையை அக்கரையில் விட்டுவிட்டால் நாமே அதை நாடுகடத்தியதாகிவிடும். நாய் பிடிக்கும் சுருக்குக் கம்பியைப் பூனைக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது; கழுத்து தாங்காது.

தடைக்காலத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு: வெயில். அக்னி நட்சத்திரம் இந்த 61 நாளுக்குள்தான் வருகிறது. மூடிய கூண்டுக்குள் இருக்கும் பூனை வியர்த்துத் தணிய முடியாது, வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கினால் ஏற்கெனவே ஆபத்துக்கட்டம். எனவே கூண்டு வைப்பது இரவு 9 மணிக்கு மேல், அதிகாலை 5 மணிக்குள் எல்லாம் அறைக்கு வந்துவிட வேண்டும். வைத்த கூண்டைக் கண்பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும். ‘காலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுப்போவது கூடவே கூடாது. அறையில் மின்விசிறியும் மேற்கு வெயில் படாத சுவரும் வேண்டும். அறையை நீங்கள் தேர்ந்தெடுக்கும்போது இதை முதலில் பாருங்கள்.

பால் கொடுக்கும் தாய் கூண்டில் விழுந்தால் என்ன செய்வது? மடி பெருத்து, காம்பைச் சுற்றி முடி உதிர்ந்து ஈரமாக இருந்தால் எங்கோ குட்டிகள் இருக்கின்றன. உடனே தேடுவோம், கிடைத்தால் தாயோடு சேர்த்தே வைத்துக்கொள்வோம். கிடைக்காவிட்டால் அந்தத் தாய்க்கு வரிசையில் முதல் அறுவை. விலாப்பக்கத்தில் கீறிச் செய்யும் முறையில் மடிக்குப் பாதிப்பு இராது. நன்றாக விழித்து நடமாடத் தொடங்கியதும் அன்று இரவே அதே இடத்தில் விட்டுவிடலாம். இரண்டு நாள் வைத்திருந்தால் தாய் பிழைக்கும், குட்டிகள் பிழைக்கா. சினைப் பூனைக்கு அறுவை செய்வதா வேண்டாமா என்பதை மருத்துவரும் நாங்களும் முதல் வாரத்துக்கு முன்பே எழுத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும். மேசை மீது பூனையைக் கிடத்திவிட்டுப் பேசும் பேச்சு அதுவல்ல.

அறுவை அறை பற்றி மருத்துவருக்கு நாங்கள் சொல்லித்தர எதுவும் இல்லை. நிர்வாகம் எதற்குச் செலவு ஒதுக்க வேண்டும் என்பதற்காக மட்டும் எழுதுகிறோம். ஒவ்வொரு பூனைக்கும் தனித்தனியாகக் கிருமி நீக்கிய கருவித் தொகுப்பு வேண்டும். ஒரே கருவியை ஸ்பிரிட்டில் முக்கி அடுத்த பூனைக்கு எடுப்பது சீழுக்கு அழைப்பு. எட்டுத் தொகுப்பும், நீராவியில் கிருமி நீக்கும் ஓர் ஆட்டோகிளேவும் இருந்தால் போதும். தையல் தானாகக் கரையும் நூலில், தோலுக்கு அடியில் போடப்பட வேண்டும். தையல் பிரிப்பதற்குத் தெருப் பூனையை மறுபடி பிடிக்கவே முடியாது. கீட்டமின் என்ற மயக்க மருந்து கொடுத்தால் பூனை கண் மூடாது. கருவிழி உலராமல் இருக்கக் கண் களிம்பு ஒவ்வொன்றுக்கும் வேண்டும். வலிநிவாரணி ஊசியும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் மயக்கத்திலேயே போட்டுவிட வேண்டும். மயக்கத்திலேயே இடது காதின் நுனியை ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டிவிட வேண்டும். பார்க்கச் சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் கருத்தடை ஆன பூனையைப் பத்தடி தூரத்திலிருந்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் அடையாளம் காண இதைவிட நம்பகமான வழி இல்லை. இந்த அடையாளம் இல்லாவிட்டால் அதே பெண் பூனையை அடுத்த ஆண்டு மறுபடி பிடித்து, மறுபடி வயிற்றைக் கீறிய பிறகுதான் தெரியவரும்.

அறுவைக்குப் பிந்திய முதல் இரண்டு மணி நேரத்தில் கவனம் தப்பக் கூடாது. மயக்கத்தில் உடம்பு தன் சூட்டைக் காத்துக்கொள்ளாது. வெளியே 38 டிகிரி வெயில் அடித்தாலும் மேசையிலிருந்து இறங்கும் பூனையின் உடல் குளிர்ந்துபோயிருக்கும். துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை முதுகுப்பக்கம் வைத்து, தலையைச் சற்று நீட்டி, ஒருக்களித்துக் கிடத்த வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஈறின் நிறத்தையும் மூச்சையும் பார்க்க ஓர் ஆள் வேறு எந்த வேலையும் இல்லாமல் உட்கார வேண்டும். ஈறு வெளுத்தால் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். மருத்துவர் அதற்குள் கிளம்பியிருக்கக் கூடாது. கடைசி அறுவை முடிந்த பின் இரண்டு மணி நேரம் மருத்துவர் வளாகத்திலேயே இருக்க வேண்டும் என்பதை உத்தரவிலேயே சேர்க்கக் கோருகிறோம். தலை தூக்கி உட்கார்ந்த பிறகே தண்ணீர், அதன்பின் கொஞ்சம் உணவு. கடுவனை மறுநாள் விடலாம். பெண் பூனைக்கு 48 மணி நேரம் காவல். கடுவனுக்கு அறுவைக்குப் பின்னும் சில வாரம் கருவூட்டும் திறன் இருக்கும். "ஆபரேஷன் செய்தும் குட்டி போட்டதே" என்ற புகார் அப்போது வரலாம். முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம்.

அறையைக் கழுவ ஃபினாயில் வாங்காதீர்கள். நாய்க்கும் மாட்டுக்கும் தாங்கும் அந்த மருந்து பூனைக்கு நஞ்சு. காலில் பட்டதை நக்கியே நோயாகும். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 30 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். குட்டிகளைக் கொத்தாகக் கொல்லும் பான்லூக்கோபீனியா வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரணக் கிருமிநாசினிக்கு அடங்காது, இதற்கு அடங்கும். அதேபோல் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பது, தெள்ளுப்பூச்சிக்கு நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்து விடுவது இரண்டும் பூனையைக் கொன்றுவிடும். அரை மாத்திரை பாராசிட்டமாலே போதும் உயிரை எடுக்க. நல்ல மனதோடு வீட்டில் இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். எனவே மாநகராட்சி வைக்கும் அறிவிப்புப் பலகையில் இந்த இரண்டு வரியும் இடம்பெறட்டும்.

தடைக்கால உணவு. வளர்ந்த பூனை ஒன்றுக்கு நாளொன்றுக்கு உலர் உணவு என்றால் 60 முதல் 70 கிராம். வீட்டில் சமைத்தால் வேகவைத்த மீனோ கோழியோ பெரும்பங்காகவும் சோறு கொஞ்சமாகவும் இருக்க வேண்டும். வெறும் பால்சோற்றில் பூனை வாழாது. டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்துதான் கிடைக்கிறது. அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். நாய் உணவும் இதனாலேயே சரிப்படாது. மத்தியைப் பச்சையாகவே தினமும் போட்டால் அதிலுள்ள ஒரு நொதி தயமின் சத்தை அழிக்கும். வேகவைத்தால் அந்தச் சிக்கல் தீரும். மாலை ஒரே நேரம், ஒரே இடம், அரை மணியில் மிச்சத்தை எடுத்துத் துடைத்துவிடுவது என்ற மூன்று ஒழுங்கும் உணவு வைப்பவர்கள் எல்லாருக்கும் பொருந்தும். மிச்சம் கிடந்தால் எலியும் நாயும் காகமும் வரும், புகாரும் வரும். அந்த ஒழுங்கினால் இன்னொரு லாபம்: அடுத்த வாரம் கூண்டு வைக்கும்போது எல்லாப் பூனையும் சரியான நேரத்தில் அங்கே ஆஜராகியிருக்கும்.

துறைமுகத்துக்கே உரிய இரண்டு ஆபத்துகளைப் பஞ்சாயத்தாரும் மீன் விற்கும் அம்மாக்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். வலையில் வரும் பேத்தை மீனை ஒதுக்கிக் கரையில் வீசிவிடுகிறார்கள். அதன் ஈரலும் முட்டையும் மனிதரையே கொல்லும் நஞ்சு. தின்ற பூனை கால் துவண்டு மூச்சு நின்று இறக்கும். அதை மூடியுள்ள தொட்டியில் போடச் சொல்லுங்கள். இன்னொன்று தூண்டில் முள். இரையோடு சேர்த்து விழுங்கிய பூனையின் வாயிலிருந்து நைலான் நரம்பு தொங்கும். பார்த்ததும் பிடித்து இழுக்கத் தோன்றும். இழுத்தால் முள் தொண்டையிலோ குடலிலோ ஏறிக் கிழித்துவிடும். நரம்பை அப்படியே விட்டு, பூனையைப் பெட்டியில் போட்டுக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்; எக்ஸ்ரே பார்த்துத்தான் எடுக்க முடியும். மீனவர்களுக்கு நாங்கள் இதைச் சொல்வதில் ஒரு நன்றியும் இருக்கிறது. வலைக் கொட்டகையில் எலி வலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்வது பூனைதான் என்று தெரிந்து அதற்குக் காலங்காலமாக மீன் தலை போட்டுவருபவர்கள் அவர்கள். இந்தத் திட்டத்தில் கொட்டகைப் பூனை எதுவும் காணாமல் போகாது. இரண்டு நாளில் காதில் அடையாளத்தோடு அதே கொட்டகைக்கு வரும்.

குட்டிகளைப் பற்றித்தான் அதிக அழைப்புகள் வருகின்றன, அவற்றில் பாதிக்குமேல் எடுத்திருக்கவே கூடாத குட்டிகள். படகுக்கு அடியிலோ ஐஸ் பெட்டிக்குப் பின்னாலோ குட்டிகள் தனியாகக் கிடந்தால், வயிறு உருண்டு, உடம்பு கதகதப்பாக, சத்தமில்லாமல் தூங்கினால் தாய் இரை தேடிப் போயிருக்கிறாள். தொடாமல் சுற்றிலும் அரிசிக் கோலமாவைத் தூவிவிட்டு விலகுங்கள். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் காலடித்தடம் சொல்லிவிடும். உடம்பு சில்லிட்டு, ஓயாமல் கத்தி, வயிறு ஒட்டியிருந்தால் மட்டும் எடுக்க வேண்டும். எடுத்ததும் பால் கொடுக்கக் கூடாது. குளிர்ந்த குட்டியின் வயிறு செரிக்காது. முதலில் சூடு, பிறகுதான் பால். பசும்பால் வேண்டாம், பூனைக்குட்டிக்கான பால்மாவு வேண்டும். குப்புறப் படுத்த நிலையில், பாட்டிலை அழுத்தாமல், முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தைத் தடவிச் சிறுநீர் கழிக்கவைக்க வேண்டும். சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம். பிறக்கும்போது 100 கிராம் அளவில் இருக்கும் குட்டி நாளுக்கு 10 முதல் 15 கிராம் கூட வேண்டும். ஒரு நாள் கூடாவிட்டாலே மருத்துவர். புதிதாக வரும் குட்டிகளை ஏற்கெனவே இருப்பவற்றோடு 14 நாள் சேர்க்கக் கூடாது. எட்டு வாரத்துக்குள் மனிதக் கைக்குப் பழகிய குட்டிக்கு வீடு கிடைக்கும். மூன்று மாதம் தாண்டிச் சீறும் குட்டிக்குக் கருத்தடையும் பழைய இடமும்தான் நியாயம். அதைக் கூண்டிலேயே வளர்ப்பது நம் மனத்திருப்திக்குத்தான்.

பூனையைக் கையாளும் எல்லாரும் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டு, அட்டையை உங்கள் அலுவலகத்தில் காட்டிய பிறகே களத்தில் இறங்குவோம். கடித்தால் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே அரசு மருத்துவமனை. பூனைப் பல் ஊசிபோல் ஆழமாக இறங்குவதால் மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், மறுநாள் கை வீங்கும். கர்ப்பிணிகள் மலத்தட்டைத் தொட வேண்டாம். மற்றவர்கள் தினமும் சுத்தம் செய்தால், பூனை மலத்தில் வரும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி முதிர்ந்து தொற்றும் நிலைக்கு வர நேரம் கிடைக்காது.

சட்டத்தின் பக்கம் சுருக்கமாக. 2001-ஆம் ஆண்டின் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் நாய்களுக்கு மட்டும் என்று இருந்தன. 2023 மார்ச்சில் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின் பெயரில் ‘நாய்கள்’ என்ற சொல் இல்லை. இந்திய விலங்குகள் நல வாரியத்தின் திட்ட அங்கீகாரம் பெற்ற அமைப்பு வழியாகவே உள்ளாட்சி இதைச் செய்ய வேண்டும். வாரியத்தின் அலுவலகம் இப்போது ஹரியானாவில் இருக்கிறது. கடிதப் போக்குவரத்துக்கு மாதங்கள் ஆகும். எனவே விண்ணப்பம் ஜனவரியிலேயே போக வேண்டும், ஏப்ரலில் தொடங்கலாம் என்றால் முடியாது. மருத்துவர் பற்றாக்குறை என்றால், புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் அருகிலேயே இருக்கிறது. மூத்த மருத்துவர் மேற்பார்வையில் பயிற்சி மருத்துவர்கள் இங்கு வந்து கற்றுக்கொள்ள ஏற்பாடு கேட்டு எழுதலாம். அந்தக் கடிதம் இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து போனால் மதிப்பு அதிகம்.

தனியாக ஒரு வேண்டுகோள் மாநகராட்சிக்கு. ஏலக்கூடத்திலும் மார்க்கெட்டிலும் மீன் கழிவுக்கு மூடியுள்ள தொட்டிகள் வைத்து, காலை ஏலம் முடிந்ததும் ஒருமுறை, மாலை ஒருமுறை அள்ள வேண்டும். எத்தனை பூனை வாழும் என்பதை அந்த இடத்தில் கிடக்கும் உணவுதான் தீர்மானிக்கிறது. ஆனால் கருத்தடைக்கு முன்பே கழிவை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். பசித்த பூனைகள் வீடுகளுக்குள் நுழையும், அடிபடும். கருத்தடை முதலில், தொட்டிகள் படிப்படியாக.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாங்கள் கூண்டு வைக்க மாட்டோம். வடகிழக்குப் பருவமழையில் ஈரத் தரையில் விடப்படும் அறுவைப் பூனைக்குக் காயம் ஆறாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை கரைபுரண்டதுபோல ஒரு வெள்ளம் வந்தால் அறையிலிருக்கும் கூண்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூட நேரம் இராது. அறை தரைமட்டத்திலிருந்து இரண்டடியாவது உயரத்தில் இருக்கட்டும் என்று கேட்பதற்கும் அதுதான் காரணம்.

கூண்டின் வரைபடம், எட்டு அறுவைக்கான மருந்துப் பட்டியல், பிப்ரவரிக் கணக்கெடுப்புக்கான படிவம், விடுவிப்புப் பதிவேட்டின் மாதிரி ஆகியவற்றை இந்த மடலோடு இணைத்துள்ளோம். டிசம்பர் இறுதிக்குள் ஒரு மணி நேரம் ஒதுக்கி மூன்று துறையினரும் ஒன்றாக உட்கார்ந்து பேச அழைத்தால், அறைகளை நேரில் பார்த்து அளவெடுத்துக்கொண்டு வருவோம். பஞ்சாயத்தார் சார்பில் ஏலக்கூடத்தில் தினமும் இருக்கும் ஒருவர் அந்தக் கூட்டத்துக்கு வர வேண்டும். எந்தப் பூனை எந்தக் கடைக்கு அடியில் குட்டி போட்டிருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
முதுநகர், சிங்காரத்தோப்பு, தேவனாம்பட்டினம், மஞ்சக்குப்பம் பகுதிகளில் பூனைகளைப் பராமரிப்போர்